கண் மஞ்சளானால் கீழாநெல்லி மட்டும் போதுமா?

வாசகர் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற அரசு சித்த மருத்துவர் ஒருவரின் பதில்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கீழாநெல்லி பற்றியவை. காரணம் தெரிந்ததுதான். மழை விட்டிருக்கிறது, வயல் வரப்பிலும் பூந்தொட்டியிலும் கீழாநெல்லி தானாக முளைத்துக் கிடக்கிறது. அதே மழையில் குடிநீர்க் குழாயும் சாக்கடையும் கலந்த தெருக்களில் காமாலையும் வந்திருக்கிறது. ஆகவே மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: என் கணவருக்கு வயது 42. நான்கு நாட்களாகக் கண் மஞ்சளாக இருக்கிறது, சாப்பாடு பிடிக்கவில்லை. பக்கத்து வீட்டு அத்தை கீழாநெல்லியை அரைத்து மூன்று நாள் மோரில் கொடுத்தால் சரியாகிவிடும் என்கிறார். என் தம்பி ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்கிறான். யார் சொல்வதைக் கேட்பது?
– ஒரு வாசகி, மன்னார்குடி

தம்பி சொல்வதை முதலில் கேளுங்கள். அத்தை சொல்வதை அப்புறம் பார்க்கலாம். இதைச் சொல்கிறவள் சித்த மருத்துவம் படித்து, அரசு மருத்துவமனை சித்தப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் என்பதையும் அத்தையிடம் சொல்லுங்கள்.

கண் மஞ்சளாவது ஒரு அடையாளம். இரத்தத்தில் பிலிருபின் என்ற மஞ்சள் நிறப் பொருள் சாதாரணமாக ஒரு டெசிலிட்டருக்கு சுமார் 1 மில்லிகிராம் அளவில் இருக்கும். அது இரண்டு, மூன்றைத் தாண்டினால்தான் கண்ணில் தெரியும். ஏன் தாண்டியது என்பதுதான் கேள்வி. தண்ணீர் வழியே வந்த ஹெப்படைட்டிஸ் ஏ அல்லது ஈ ஆக இருக்கலாம். இரத்தம் வழியே வந்த பி, சி ஆக இருக்கலாம். குடியால் வந்த கல்லீரல் வீக்கமாக இருக்கலாம். எலிக்காய்ச்சலிலும் கண் மஞ்சளாகும். காசநோய் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அந்த மாத்திரையாலேயே வரலாம். இன்னொன்று, பித்தப்பைக் கல் நழுவி வந்து பித்தக் குழாயை அடைத்துக்கொள்வது. குளியலறைக் குழாய் அடைத்துக்கொண்டால் தண்ணீர் திரும்பி அறைக்குள் ஏறுவது மாதிரி, குடலுக்குப் போகவேண்டிய பித்தம் திரும்பி இரத்தத்தில் ஏறுகிறது. அங்கே எந்தப் பச்சிலையும் வேலை செய்யாது. அடைப்பை எடுக்கத்தான் வேண்டும்.

இரத்தப் பரிசோதனையில் இவை இருக்கட்டும்: பிலிருபின் (மொத்தம், கல்லீரல் பதப்படுத்திய டைரக்ட், பதப்படுத்தாத இன்டைரக்ட் மூன்றும்), கல்லீரல் நொதிகளான எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி., ஆல்கலைன் பாஸ்படேஸ், இரத்தம் உறையும் நேரம் பார்க்கிற ஐ.என்.ஆர்., ஹெப்படைட்டிஸ் வைரஸ் சோதனைகள். வயிற்றுக்கு ஒரு ஸ்கேன். அரசு மருத்துவமனையில் இவற்றுக்குப் பெரிய செலவு ஆகாது. மலம் களிமண் நிறத்தில் போகிறதா, உடம்பு முழுக்க அரிக்கிறதா என்று அவரையே கேளுங்கள். இரண்டும் இருந்தால் அடைப்பாக இருக்க வாய்ப்பு அதிகம். மருத்துவரிடம் அதை நீங்களாகவே சொல்லிவிடுங்கள்.

கீழே சொல்வதில் ஒன்று இருந்தாலும் இந்தப் பதிலை முழுதும் படிக்கக்கூட நிற்காமல் கிளம்புங்கள்: பேச்சு குழறுகிறது, பகலெல்லாம் தூங்கி இராத்திரி விழித்திருக்கிறார், ஈறிலோ மூக்கிலோ இரத்தம் கசிகிறது, தண்ணீர்கூடத் தங்காமல் வாந்தி வருகிறது, குளிர்காய்ச்சலோடு வயிற்றின் வலது மேற்பக்கம் வலிக்கிறது. வீட்டில் கர்ப்பிணி யாருக்காவது கண் மஞ்சளானால் மற்ற அறிகுறி எதற்கும் காத்திருக்கக் கூடாது. ஹெப்படைட்டிஸ் ஈ கடைசி மூன்று மாதக் கர்ப்பத்தில் உயிரையே எடுக்கக்கூடியது.

சோதனையில் ஹெப்படைட்டிஸ் ஏ என்று தெரிந்து, ஐ.என்.ஆர். சரியாக இருந்து, மருத்துவரும் வீட்டிலேயே ஓய்வெடுக்கச் சொல்லிவிட்டால், அத்தையின் கீழாநெல்லிக்கு நான் குறுக்கே நிற்க மாட்டேன். வேரோடு பிடுங்கி, மண் போகப் பலமுறை அலசி, சமூலமாக அதாவது வேர், தண்டு, இலை, காய் எல்லாவற்றையும் சேர்த்து, அம்மியில் மை போல அரைத்து, கொட்டைப்பாக்கு அளவு விழுதை ஒரு டம்ளர் மோரில் கலக்கிக் காலையில் வெறும் வயிற்றில் கொடுப்பது நம் வழக்கம். மூன்று நாள் கொடுப்பவர்களும் உண்டு, ஒரு வாரம் கொடுப்பவர்களும் உண்டு. கொடுப்பதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். அலசுகிற தண்ணீரும் மோருக்கு விடுகிற தண்ணீரும் காய்ச்சி ஆறினதாக இருக்கட்டும். எந்தத் தண்ணீரால் காமாலை வந்ததோ அதே தண்ணீரில் மருந்தை அரைத்துக் கொடுக்கிற வீடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகக் காமாலைக்கு இலவசமாகக் கீழாநெல்லி மருந்து கொடுத்து வருகிறோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் கூட்டம் நிற்கும். குணமாகாமல் திரும்பியவர் என்று எவரும் இல்லை. படித்த மருத்துவர்கள் இதை மட்டமாகப் பேசுவது ஏன்?
– ஒரு வாசகர், திண்டிவனம் அருகே

ஐயா, காசு வாங்காமல் மூன்று தலைமுறையாகச் செய்வதை மட்டமாகப் பேச எனக்கு வாய் வராது. ஆனால் உங்கள் கடைசி வாக்கியத்தில் எனக்கு உடன்பாடு இல்லை.

உங்கள் வாசலுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு ஹெப்படைட்டிஸ் ஏ அல்லது ஈ இருக்கும். அது மருந்து கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் சில வாரங்களில் தானாக இறங்கிவிடும் நோய். ஆங்கில மருத்துவத்திலும் அதற்கென்று தனி மருந்து கிடையாது. ஓய்வு, சாப்பாடு, கண்காணிப்பு, அவ்வளவுதான். உடம்பு தேறினவர் தேங்காய் பழத்தோடு உங்கள் வீட்டுக்கு வந்து கும்பிட்டுவிட்டுப் போகிறார். தேறாதவர் வருவதில்லை. அவரை நான் ஆஸ்பத்திரியில் பார்த்திருக்கிறேன். பித்தக்குழாய் அடைப்போடு ஒன்றரை மாதம் மூன்று ஊர் மருந்து குடித்துவிட்டு வந்தவர்கள் உண்டு. கணையத் தலையில் கட்டி வளர்ந்து, அறுவை செய்யும் கட்டத்தைத் தாண்டி வந்தவர்களும் உண்டு. அவர்கள் குடித்ததெல்லாம் நல்ல மருந்துதான். அவர்களுக்கு வேண்டிய மருந்து அது இல்லை. நம் சித்த நூல்களே ஊது காமாலை, வறள் காமாலை என்று எத்தனையோ பிரிவு சொல்கின்றன. வருகிற எல்லோருக்கும் ஒரே உருண்டை என்று எந்த நூலும் சொல்லவில்லை.

நீங்கள் கொடுப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. வாசலில் உட்கார்ந்தபடியே நான்கு கேள்வி கேளுங்கள். மலத்தின் நிறம் என்ன? குடிப்பழக்கம் உண்டா? இரத்தப் பரிசோதனைச் சீட்டு கையில் இருக்கிறதா? கர்ப்பிணியா? சீட்டு இல்லாதவருக்கு மருந்து இல்லை என்று நீங்கள் ஒருவர் சொன்னால், எங்களைப் போன்ற நூறு பேர் சொல்வதைவிட ஊர் கேட்கும். உங்களுக்கு அந்த மதிப்பு இருக்கிறது.

ஒரு விஷயத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், உங்களைச் சொல்லவில்லை. சில இடங்களில் கையைச் சுண்ணாம்புத் தண்ணீரில் கழுவவைத்து, மஞ்சளாக ஓடுவதைக் காட்டி "பார், காமாலை இறங்குகிறது" என்பார்கள். முன்பே தடவிவிட்ட மாம்பட்டைச் சாறும் சுண்ணாம்பும் சேர்ந்தால் யார் கையிலும் மஞ்சள்தான் ஓடும். கண்ணில் பச்சிலைச் சாறு விடுவதும், கையில் சூடு போடுவதும் இன்னும் நடக்கிறது. கண் புண்ணாகும், சூட்டுக்காயம் சீழ் பிடிக்கும். காமாலைக்கு அவற்றால் எள்ளளவும் பயன் இல்லை.

கேள்வி: ஹெப்படைட்டிஸ் பி நோயைக் கீழாநெல்லி குணப்படுத்தும் என்று நோபல் பரிசு பெற்ற விஞ்ஞானியே நிரூபித்ததாக வாட்ஸ்அப்பில் வந்தது. என் அப்பாவுக்கு ஹெப்படைட்டிஸ் பி இருக்கிறது, தினமும் மாத்திரை சாப்பிடுகிறார். நிறுத்திவிட்டு இதற்கு மாறலாமா?
– ஒரு கல்லூரி மாணவி, சென்னை

நிறுத்தக் கூடாது. முதலில் அதை அப்பாவிடம் சொல்லிவிட்டு வந்து மீதியைப் படியுங்கள். டெனோபோவிர், என்டெகாவிர் போன்ற மாத்திரைகளைத் திடீரென்று விட்டால் அடங்கியிருந்த வைரஸ் வேகமாகக் கிளம்பி, கல்லீரலே செயலிழக்கும் அளவுக்குப் போகலாம்.

வாட்ஸ்அப்பில் வந்தது முழுப் பொய் இல்லை, அதுதான் சிக்கல். அந்த விஞ்ஞானி பரூக் பிளம்பெர்க். ஹெப்படைட்டிஸ் பி வைரஸின் மேலுறைப் புரதத்தைக் கண்டுபிடித்தவர். 1976இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு பெற்றார். ஆய்வகத்தில் இரத்த மாதிரிகளைச் சோதிக்கும்போது நீங்கள் கேள்விப்படும் எச்.பி.எஸ்.ஏஜி. என்பது அந்தப் புரதம்தான். நாட்டு மருத்துவங்களில் இந்த வைரஸை எதிர்க்கும் செடி இருக்கிறதா என்று அவர் குழு தேடியபோது கீழாநெல்லி சாறு ஆய்வகத்தில் நம்பிக்கை தரும்படி நடந்துகொண்டது. பிறகு சென்னையில் எஸ்.பி. தியாகராஜன் தலைமையில் மனிதர்களிடம் சோதித்தார்கள். அவர் பின்னாளில் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆனவர்.

1988 அக்டோபரில் லான்செட் என்ற புகழ்பெற்ற மருத்துவ இதழில் முடிவு வெளிவந்தது. நோய் அறிகுறி இல்லாமல் வைரஸை மட்டும் சுமந்துகொண்டிருந்தவர்களுக்குக் காய்ந்த கீழாநெல்லிப் பொடி 200 மில்லிகிராம், தினம் மூன்று வேளை, 30 நாள். மருந்து முடிந்து இரண்டு மூன்று வாரத்தில் பார்த்தபோது, மருந்து சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு அந்தப் புரதம் இரத்தத்தில் காணவில்லை. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மருந்தில்லாத வெற்றுப்பொடி சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் அப்படி ஆனது. 59 சதவீதம் எங்கே, 4 சதவீதம் எங்கே! அன்றைக்கு எங்கள் துறையில் இருந்தவர்கள் எப்படிக் குதித்திருப்போம் என்று நினைத்துப் பாருங்கள். வரப்பில் மிதிபடுகிற செடி லான்செட்டில் வந்துவிட்டது.

அதோடு நின்றிருந்தால் இந்தப் பத்தி வேறு மாதிரி முடிந்திருக்கும். விஞ்ஞானத்தில் ஒரு முடிவு வந்தால் இன்னொருவர் வேறிடத்தில் செய்துபார்க்க வேண்டும். 1990இல் தாய்லாந்தில் செய்துபார்த்தார்கள், வைரஸ் போகவில்லை. சென்னை ஆய்வையே திரும்பிப் பார்த்தால், வெற்றுப்பொடி குழுவில் சேர்ந்தவர்கள் 38 பேர், கடைசியில் கணக்கில் வந்தவர்கள் 23 பேர். இத்தனை பேர் நடுவில் விலகிப்போன ஆய்வின் சதவீதத்தை அப்படியே நம்ப முடியாது. எந்த இனச் செடி, எந்த மண், எந்தப் பருவத்தில் பறித்தது என்பதாலும் சத்து மாறும் என்ற வாதம் உண்டு, அதில் நியாயமும் உண்டு. ஆனால் பல நாட்டு ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்த காக்ரேன் குழு 2011இல் சொன்னது இதுதான்: நீண்டகால ஹெப்படைட்டிஸ் பி நோய்க்கு இந்தச் செடி வெற்று மருந்தைவிட மேல் என்று சொல்ல நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை.

வாட்ஸ்அப் 1988இல் நின்றுவிட்டது. நீங்கள் நிற்க வேண்டாம்.

உங்கள் வீட்டுக்கு இதைவிட அவசரமான வேலை ஒன்று இருக்கிறது. அம்மாவும் நீங்களும் கூடப் பிறந்தவர்களும் ஹெப்படைட்டிஸ் பி சோதனை செய்துகொண்டீர்களா? சோதனையில் நோய் இல்லை என்று வந்தால் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். அப்பாவின் ஷேவிங் பிளேடும் பல் துலக்கும் பிரஷும் தனியாக இருக்கட்டும். ஒரே தட்டில் சாப்பிடுவதால் ஹெப்படைட்டிஸ் பி பரவாது, அவரைத் தள்ளி வைக்காதீர்கள். மாத்திரைச் செலவு கையைக் கடித்தால், 2018 ஜூலை 28 அன்று தொடங்கிய தேசிய வைரஸ் ஹெப்படைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ் பி, சி இரண்டுக்கும் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகச் சோதனையும் மருந்தும் உண்டு. அந்தத் தேதி உலக ஹெப்படைட்டிஸ் நாள். பிளம்பெர்க்கின் பிறந்தநாளும் அதுவே.

கேள்வி: எனக்கு வயது 24. வருடத்துக்கு இரண்டு தடவையாவது கண் லேசாக மஞ்சளாகிறது. பிலிருபின் 2.1 அல்லது 2.4 இருக்கும், மற்றதெல்லாம் நார்மல். ஒவ்வொரு தடவையும் பாட்டி கீழாநெல்லி கொடுக்கிறார், சரியாகிவிடுகிறது. ஆனால் திரும்பத் திரும்ப வருகிறதே?
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

சீட்டில் "இன்டைரக்ட்" பிலிருபின்தான் கூடியிருக்கிறதா என்று பாருங்கள். அப்படியானால் இது கில்பர்ட் என்கிற பிறவி அமைப்பாக இருக்கலாம். இரத்த அணுக்கள் உடைவதால் வருகிறதா என்று ஒருமுறை மருத்துவர் பார்த்துவிட்டால் போதும். கில்பர்ட் நோயே இல்லை என்று சொல்லலாம். பிலிருபினைப் பதப்படுத்துகிற நொதி கொஞ்சம் மெதுவாக வேலை செய்கிறது, அவ்வளவுதான். பட்டினி கிடந்தால், தூக்கம் கெட்டால், காய்ச்சல் வந்தால் ஏறும்; சாப்பிட்டுத் தூங்கினால் இறங்கும். பாட்டி மருந்து கொடுத்தாலும் இறங்கும், பாயசம் கொடுத்தாலும் இறங்கும். பாட்டியின் மனம் நோகாமல் பாயசத்துக்கு மாறிக்கொள்ளுங்கள். விரதம், தேர்வுக்கு ராத்திரி முழுக்க விழிப்பது, இந்த இரண்டையும் குறையுங்கள்.

கேள்வி: என் மகளுக்குக் குழந்தை பிறந்து மூன்று நாள். குழந்தை மஞ்சளாக இருக்கிறது. இரண்டு சொட்டு கீழாநெல்லிச் சாறு நாக்கில் வைக்கலாமா? வெயிலில் காட்டினால் போதும் என்றும் சொல்கிறார்கள்.
– ஒரு பாட்டி, சங்கரன்கோவில்

வேண்டாம் அம்மா, ஒரு சொட்டுகூட வேண்டாம். தாய்ப்பாலைத் தவிர எதுவும் அந்த வாயில் போகக் கூடாது.

பிறந்த குழந்தைக்கு இரண்டாம், மூன்றாம் நாளில் லேசான மஞ்சள் வருவது சாதாரணம். ஆனால் எது லேசு என்று நம் கண்ணால் சொல்ல முடியாது, கறுத்த குழந்தைக்கு இன்னும் கஷ்டம். பிறந்த 24 மணி நேரத்துக்குள் வந்திருந்தாலோ, மஞ்சள் காலடி வரை இறங்கியிருந்தாலோ, குழந்தை பால் குடிக்காமல் துவண்டு கிடந்தாலோ இன்றைக்கே போய்விடுங்கள். அளவு மிக அதிகமானால் பிலிருபின் மூளையில் படிந்து காது கேட்காமலும் கைகால் சரியாக வராமலும் போகும். ஆஸ்பத்திரியில் நீல விளக்கின் கீழ் படுக்கவைத்தாலே பெரும்பாலும் தீர்ந்துவிடும். வெயில் அந்த விளக்குக்கு ஈடு இல்லை. தாய்க்கும் குழந்தைக்கும் இரத்த வகை என்ன என்பதையும் கேட்டு வையுங்கள்.

கேள்வி: எங்கள் வளவுக்குள்ளே ஒரே மாதிரித் தோற்றத்தில் இரண்டு மூன்று செடி நிற்குது. எது உண்மையான கீழ்க்காய்நெல்லி என்று எப்படிப் பிரித்து அறியிறது? கடையில் வாங்குற பொடியை நம்பலாமோ?
– ஒரு வாசகி, யாழ்ப்பாணம்

நல்ல கேள்வி, இதைக் கேட்காமலேயே பிடுங்கிக் குடிப்பவர்கள்தான் அதிகம்.

ஒரு கிளையை எடுத்துத் திருப்பிப் பிடியுங்கள். புளிய இலை போல இரண்டு பக்கமும் சின்ன இலை அடுக்கியிருக்கும். ஒவ்வொரு இலைக்கும் அடியில், கிளையின் கீழ்ப்பக்கமாக, கடுகைவிடக் கொஞ்சம் பெரிய பச்சைக் காய் வரிசையாகத் தொங்கினால் அது கீழாநெல்லிக் குடும்பம். தண்டு பச்சையாக, காய் வழவழப்பாக, சின்னக் காம்போடு இருந்தால் நாம் தேடும் செடி. தண்டும் கிளையும் சிவப்போடி, காய் சொரசொரப்பாக, காம்பே இல்லாமல் ஒட்டியிருந்தால் அது சிவப்புக் கீழாநெல்லி என்று இங்கே சொல்லும் வேறு இனம். மேலாநெல்லி என்று இன்னொன்றும் உண்டு. சாயங்காலம் இலை மூடிக்கொள்வதை வைத்து அடையாளம் சொல்வார்கள், அது போதாது. இந்த இனங்களில் பலவும் மூடும். வாயில் போட்டு மென்றால் நம் செடி நல்ல கசப்பு.

கடைச் சரக்கு பற்றி: தென்னிந்திய மருந்துக்கடைகளில் வாங்கிய கீழாநெல்லியை மரபணு வழியாகச் சோதித்து 2010இல் ஓர் ஆய்வு வந்தது. முக்கால் பங்குக் கடைகளில் சரியான செடிதான் இருந்தது, மீதிக் கால் பங்கில் இதே குடும்பத்து வேறு இனங்கள். நான் பயந்த அளவுக்கு மோசம் இல்லை. டப்பாவில் "பில்லாந்தஸ் அமாரஸ்" என்ற தாவரவியல் பெயர் இருந்தால் சரி. பழைய புத்தகங்களைப் பார்த்து "பில்லாந்தஸ் நிரூரி" என்று போடுகிற கம்பெனிகளும் நம் செடியைத்தான் பெரும்பாலும் சொல்கின்றன.

வளவில் பிடுங்குவதென்றால் பூச்சிமருந்து அடிக்கிற தோட்டத்திலும், றோட்டோரத்திலும், கக்கூஸ் குழிக்குப் பக்கத்திலும் வேண்டாம்.

கேள்வி: காமாலைக்கு உப்பு, எண்ணெய், மஞ்சள் மூன்றையும் நிறுத்தச் சொல்கிறார்கள். கரும்புச்சாறு நிறையக் குடிக்கச் சொல்கிறார்கள். சரியா?
– ஒரு வாசகர், விருதுநகர்

உப்பில்லாப் பத்தியத்துக்குக் காரணம் உண்டு என்றால், அது வயிற்றில் நீர் கோத்தவர்களுக்கு. வாந்தியும் பசியின்மையுமாகக் கிடக்கிற சாதாரணக் காமாலைக்காரருக்கு உப்பும் இல்லாமல் கஞ்சி கொடுத்தால் அவர் அதையும் தள்ளிவிடுவார். உடம்பு தேறுவதற்குச் சாப்பாடு வேண்டும். உப்புப் போட்ட கஞ்சி, இட்லி, பருப்பு, மோர், ரசம், பழம், பிடித்தால் முட்டை, எதுவும் சாப்பிடலாம். பொரித்தது குமட்டும், அதனால் வேண்டாம். தாளிக்கிற ஒரு ஸ்பூன் எண்ணெயால் கல்லீரல் கெடாது. நிறுத்த வேண்டியது சாராயம். அதை நிறுத்தச் சொன்னால் மட்டும் "கொஞ்சம் போல எடுத்துக்கலாமா" என்று கேட்பார்கள்.

சமையல் மஞ்சளால் கண் மஞ்சளாகாது. ஆனால் மிளகுச் சத்து சேர்த்து மாத்திரையாக விற்கிற மஞ்சள் சிலருக்குக் கல்லீரல் வீக்கத்தையே உண்டாக்கியிருக்கிறது. மூலிகை என்று எழுதியிருப்பதால் கல்லீரல் அதை விட்டுவிடுவதில்லை. காய்ச்சலுக்கு நாமாகப் போடும் பாராசிட்டமாலையும் மருத்துவர் சொன்ன அளவோடு நிறுத்துங்கள்.

கரும்புச்சாறு வீட்டில் பிழிந்தால் சரி. தெருவில் ஐஸ் போட்டுக் குடித்தால், காமாலை வந்த வழியிலேயே திரும்ப நடக்கிறீர்கள்.

கேள்வி: சிறுநீரகக் கல்லுக்குக் கீழாநெல்லி நல்லதாமே? எனக்கு சர்க்கரை, பிரஷர் இரண்டும் இருக்கிறது. தினமும் குடிக்கலாமா?
– ஒரு வாசகர், திருநெல்வேலி

நம் வைத்தியத்தில் நீர்ச்சுருக்கு, நீர்க்கடுப்புக்குக் கீழாநெல்லி பழைய மருந்து; சூட்டைத் தணிக்கும், சிறுநீரைப் பெருக்கும் என்பது அதன் குணம். பிரேசில் நாட்டில் இதே குடும்பத்துச் செடியைக் கல்லுக்காகவே காலம்காலமாகக் கஷாயம் வைத்துக் குடிக்கிறார்கள். கல்லை உண்டாக்கும் ஆக்சலேட் படிகங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிதாவதை இது தடுப்பதாக ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள். ஆனால் ஏற்கெனவே 8 மில்லிமீட்டர் கல் குழாயில் உட்கார்ந்திருந்தால் இது கரைத்துத் தள்ளிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். வலியோடு காய்ச்சல் வந்தால் காத்திருக்கவே கூடாது.

உங்கள் விஷயத்தில் தயக்கம் வேறு காரணத்தால். கீழாநெல்லி சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் கொஞ்சம் இறக்கக்கூடும். அதே வேலைக்கு நீங்கள் மாத்திரையும் சாப்பிடுகிறீர்கள். இரண்டும் சேர்ந்து ஒருநாள் தலைசுற்றிக் கீழே விழுந்தால் அதை மருந்தின் வெற்றி என்று எடுத்துக்கொள்ள முடியாது. தினமும் வேண்டாம். அருகில் உள்ள அரசு மருத்துவமனை சித்தப் பிரிவில் உங்கள் மாத்திரைச் சீட்டைக் காட்டிக் கேளுங்கள். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும், மனநலத்துக்கு லித்தியம் எடுப்பவர்களும் கேட்காமல் தொடவே வேண்டாம். கர்ப்பிணிகளுக்கும் கூடாது. தண்ணீர் மட்டும் நிறையக் குடியுங்கள். கல்லுக்கு அதைவிடச் செலவில்லாத மருந்து இல்லை.

கேள்வி: கீழாநெல்லித் தைலம் தேய்த்துக் குளித்தால் முடி வளருமா? அம்மா அரிப்புக்கும் இலையை அரைத்துப் பூசுவார்.
– ஒரு வாசகி, நாமக்கல்

உடல் சூட்டுக்கும் கண் எரிச்சலுக்கும் என்று தலைமுழுக்குக்குத் தைலம் காய்ச்சுவது நம் வழக்கம்தான். வாரம் ஒருமுறை தேய்த்துக் குளித்தால் சுகமாகத் தூக்கம் வரும். முடி வளரும் என்று எழுதிக் கொடுக்க மாட்டேன். சாதாரண வேர்வை அரிப்புக்கு இலையோடு உப்புச் சேர்த்து அரைத்துப் பூசிக் குளிக்கலாம், புண் இருந்தால் எரியும். வீட்டில் எல்லோருக்கும் ராத்திரியில் அரிப்பென்றால் அது சிரங்குப் பூச்சி; பெர்மெத்ரின் களிம்பை எல்லோரும் ஒரே நாளில் பூசி, படுக்கை விரிப்பையும் உடுப்பையும் வெந்நீரில் துவைக்க வேண்டும்.

கேள்வி: தொட்டியில் வளர்க்க விதை எங்கே கிடைக்கும்?
– ஒரு வாசகர், ஆவடி

காசு கொடுத்து வாங்காதீர்கள். மழைக்குப் பிறகு காய் முற்றின செடி ஒன்றை வேரோடு கொண்டுவந்து தொட்டியில் நட்டு, நிழலும் வெயிலும் கலந்த இடத்தில் வையுங்கள். காய் தானாக வெடித்து விதை தெறிக்கும். அடுத்த மழைக்குப் பக்கத்துத் தொட்டிகளிலும் முளைத்து, எப்படிக் களைவது என்று எனக்கு மறுபடி எழுதுவீர்கள்.